பதினெட்டு சாரும் என் பின்சக்கரமும்

அடையாற்றில் அந்த நாட்களில் சைக்கிள் வைத்திருந்தவர்கள் இரண்டே வகை. பதினெட்டு சாரிடம் பின்சக்கரத்தைப் பறிகொடுத்தவர்கள். இனிமேல் பறிகொடுக்கப் போகிறவர்கள். மூன்றாவதாக ஒரு வகை இருந்தது; அது நடந்து போனது. அதையும் அவர் நிறுத்தி, "ஏன் சார், ஒரு சைக்கிள் வாங்கப்படாதா?" என்று கேட்பார். கரிசனமில்லை, பசி.

எழுபதுகளின் தொடக்கம். ஒரு பழைய பங்களாவில் மருந்துக் கம்பெனி ஆபீஸ். வாசலில் தூங்குமூஞ்சி மரம், பின்னால் பாழுங்கிணறு, நடுவில் நாங்கள் பதினான்கு பேர். நான் டைப்பிஸ்ட், வயது இருபத்திரண்டு. அவர் டெஸ்பாட்ச் செக்ஷன் ஹெட்கிளார்க், வயது நாற்பத்தைந்துக்கு இந்தப் பக்கமோ அந்தப் பக்கமோ. சாம்பிள் மாத்திரைகளைப் பொட்டலம் கட்டி ஊர் ஊராக டாக்டர்களுக்கு அனுப்புவது அவர் வேலை. சம்பளம் அதற்கு. உயிர் மட்டும் வேறிடத்தில் இருந்தது: சைக்கிளின் பின்சக்கரத்து மையத்தில், செயின் ஓடுகிற அந்தச் சின்னப் பல்சக்கரத்தில், ப்ரீவீல் என்கிறோமே, அதில்.

ப்ரீவீலுக்குப் பதினெட்டுப் பல் இருக்க வேண்டும் என்பது அவர் கட்சி. "பதினாறுன்னா முழங்கால் போயிடும். இருபதுன்னா மானம் போயிடும். காலு மட்டும் சுத்தும், சைக்கிள் நின்ன இடத்துல நிக்கும். ஆண்டவன் கணக்கு பதினெட்டு சார்." இதை நாளுக்கு நாலு பேரிடம் சொல்லிச் சொல்லி அவருக்கு அதுவே பெயராகிவிட்டது. புதிதாகச் சேர்ந்தவர்கள் சபரிமலைப் படி விவகாரம் என்று நினைத்து, "இந்த வருஷமும் மாலை போடறீங்களா சாமி?" என்று பவ்யமாகக் கேட்பார்கள். "படி இல்ல சார், பல்லு" என்பார், அதே பவ்யத்தோடு.

காலை ஒன்பதுக்குப் பத்து நிமிஷம் முன்பிருந்தே ஜன்னலோரம் நின்றுவிடுவார். தெருவைப் பார்க்க மாட்டார், கண்ணை மூடிக்கொள்வார். ஆபீஸ்காரர்கள் கேட்டுக்குள் நுழையும்போது மிதிப்பதை நிறுத்தி, சைக்கிளைத் தன்போக்கில் விடுவார்கள் இல்லையா, அப்போது ப்ரீவீல் டிக்டிக்கென்று ஒரு சத்தம் போடும். நமக்கு அது சத்தம். அவருக்கு வாக்குமூலம். வெளியே பல், உள்ளே இரண்டு இரும்பு நாக்கு. மிதித்தால் நாக்கு கவ்விக்கொள்ளும், விட்டால் பேச ஆரம்பிக்கும். அந்தப் பேச்சைக் கேட்டே வருகிறவர் யார், நேற்று மழையில் நனைந்தாரா, எண்ணெய் விட்டு எத்தனை மாதம் என்பதெல்லாம் சொல்லிவிடுவார்.

"கேஷியர் சார், உங்க வண்டில ஒரு நாக்கு தூங்குது."

"எனக்கு ஒண்ணும் தெரியலையே?"

"உங்களுக்குத் தெரியாது. அதுக்குத் தெரியும்."

மத்தியானம் கேஷியர் தயிர்சாதத்தைத் திறக்கும்போது அவருடைய பின்சக்கரம் டெஸ்பாட்ச் மேஜைமேல் மல்லாந்து கிடக்கும். ப்ரீவீல், காபி டபராவில், மண்ணெண்ணெயில் மூழ்கியிருக்கும். அதைக் கழற்ற ஒரு சாவி உண்டு. இரண்டு முளை நீட்டிக்கொண்டிருக்கும் ஒரு குட்டை இரும்பு. மற்ற ஹெட்கிளார்க்குகள் சட்டைப்பையில் பேனா வைத்திருப்பார்கள். இவர் பையில் அந்தச் சாவி. அதன் கனத்தில் சட்டை எப்போதும் இடதுபக்கம் இழுத்துக்கொண்டே இருந்ததால், தூரத்தில் வரும்போது யாரோ கண்ணுக்குத் தெரியாத ஆள் அவரைக் கூட்டிக்கொண்டு வருவது போல இருக்கும்.

முன்சக்கரத்தை மட்டும் தொட மாட்டார். ஒருமுறை ஸ்டெனோ ஒருவர் முன்டயர் பஞ்சரோடு வந்து நின்றார். பதினெட்டு சார் அந்தச் சக்கரத்தை ஏறிட்டும் பார்க்கவில்லை. "அது வேற செக்ஷன்" என்று சொல்லிவிட்டு உள்ளே போய்விட்டார்.

இதெல்லாம் சின்ன விஷயம். பெரிய விஷயம், வைட்டமின்.

ப்ரீவீலைப் பிரித்தால் உள்ளே எழுபது எண்பது எஃகுக் குண்டுகள் இருக்கும். கடுகைவிடப் பெரிது, மிளகைவிடச் சிறிது. பளபளவென்று இருக்கும். அவற்றைக் கழுவித் துடைத்து ஒரு காலி மாத்திரைப் புட்டியில் போட்டு மேஜையில் வைத்திருக்கிறார். பக்கத்தில் அன்றைக்கு அனுப்ப வேண்டிய வைட்டமின் சாம்பிள்கள். மனுஷர் லேபிள் ஒட்டுகிறார், ஒட்டுகிறார், ஒட்டிக்கொண்டே போகிறார். பத்து நாள் கழித்து ஒரு சின்ன ஊரிலிருந்து டாக்டர் கடிதம் வருகிறது: தங்கள் புதிய மாத்திரை மிக நேர்த்தியாக இருக்கிறது, சாப்பாட்டுக்கு முன்பா, பின்பா என்று தெரிவிக்கவும், நான் ஒன்றைக் கடித்துப் பார்த்ததில் கடைவாய்ப்பல் ஆடுகிறது.

அந்தக் கடிதத்துக்கு மானேஜர் மன்னிப்புச் சொல்லச் சொல்ல நான்தான் டைப் அடித்தேன். மூன்று தடவை காகிதத்தை மாற்ற வேண்டியிருந்தது, சிரிப்பில் விரல் நழுவி. அடுத்தது அவருக்கான மெமோ: 'ஆபீஸ் எல்லைக்குள் எந்தச் சைக்கிளின் பின்சக்கரமும் கழற்றப்படக் கூடாது.' உலகத்தில் வேறெந்த மருந்துக் கம்பெனியும் இப்படி ஒரு மெமோ போட்டிருக்காது. சாவியையும் மானேஜர் வாங்கித் தன் மேஜைக்குள் பூட்டிவிட்டார். அன்றைக்குப் பதினெட்டு சாரின் சட்டை நேராக நின்றது. பார்க்கச் சகிக்கவில்லை.

இனி என் கதை.

அப்பா போன பிறகு மயிலாப்பூர் வீட்டுக்கு அண்ணாதான் அப்பா. நான் வேலைக்குப் போவதில் அவனுக்கு இஷ்டமில்லை. "பஸ்ல நசுங்கிண்டு ஒண்ணும் போக வேண்டாம்" என்று ஒரே போடாகப் போட்டான். சைக்கிளில் போகிறேனே என்றேன். இரண்டு நாள் யோசித்துவிட்டு அவனே ஒரு சைக்கிளைத் தேடிக் கொண்டுவந்தான். சீமைக்குக் கிளம்பிப் போன ஒரு டீச்சரம்மாவின் பழைய லேடீஸ் சைக்கிள். யுத்தத்துக்கு முன் கப்பலில் வந்ததாம். பார்த்ததுமே அவன் யோசனை எனக்குப் புரிந்தது. "இது ஓடற வரைக்கும் வேலைக்குப் போ. சாயங்காலம் ஆறு மணிக்குள்ள ஆத்துல இருக்கணும். வண்டி நின்னுதுன்னா வேலையும் நின்னுது. சரியா?" ஒரு மாதம் ஓடும் என்று கணக்குப் போட்டிருந்தான். அது பதினோரு மாதம் ஓடியது. அண்ணாவுக்கு அந்தச் சைக்கிளின்மேல் இருந்த வருத்தம் சொல்லி மாளாது.

அதற்கு ஒரு கெட்ட குணம் இருந்தது. ப்ரீவீலே கிடையாது. பின்சக்கரத்தோடு இறுக்கிப் பூட்டிய பல்சக்கரம். சக்கரம் சுற்றினால் பெடலும் சுற்றியே தீரும். ஏற்றத்தில் நான் அதை மிதித்தேன். இறக்கத்தில் அது என்னை மிதித்தது. அடையாற்றுப் பாலத்தின் இறக்கத்தில் என் கால்கள் தையல் மிஷின் ஊசி போலப் பறக்கும். கீழே ஆறு தன்பாட்டுக்குக் கடலைப் பார்த்துச் சாய்ந்துகொண்டிருக்கும், கொக்குகள் ஒற்றைக்காலில் ஓய்ந்திருக்கும், மேலே நான் மட்டும் நிற்க வழியில்லாமல்.

இந்த வண்டி பதினெட்டு சார் கையில் கிடைத்தால் என்ன ஆகும் என்று எனக்குத் தெரியும். சாயங்காலம் ஐந்து மணிக்கு அது டபராவில் இருக்கும். ஆறு மணிக்கு என் வேலை போயிருக்கும். அதனால் கிணற்றுக்குப் பின்னால் ஒளித்து வைத்தேன். ரகசியம் வாட்ச்மேன் கன்னியப்பனுக்கு மட்டும் தெரியும். ஆனால் ஒளிக்க முடியாத ஒன்று இருந்தது: மௌனம். டிக்டிக் போடாத சைக்கிள் ஒன்று தினமும் ஒன்பது மணிக்கு உள்ளே வருவது அந்தக் காதுக்கு எட்டிவிட்டது.

"கன்னியப்பா, ஒரு வண்டி வருது. சத்தமே இல்ல. யாருது?"

"இன்னா சார் நீ? பேயி பகல்லயே சைக்கிள் உட்டுகினு வருதா?"

"இல்லய்யா, வருது. காத்து மாதிரி வருது."

"காத்துன்னா காத்துதான் சார். போய் ஸ்டாம்ப் ஒட்டு."

மாதக்கணக்காக அந்த மௌனத்தைத் தேடினார். மெமோ வந்த பிறகும் ஜன்னலை விடவில்லை.

ஐப்பசியில் ஒரு வியாழக்கிழமை, எதிர்க்காற்றில் வீடு திரும்பும்போது மந்தைவெளிப் பக்கத்தில் கால் திடீரென்று வெறும் காற்றில் சுழன்றது. செயின் அறுந்து தெருவில் பாம்பு போலக் கிடந்தது. பல்சக்கரத்தைப் பார்த்தால், பல்லெல்லாம் தேய்ந்து, சாய்ந்து, பொக்கை வாய். செயின் மாட்டுவதற்கு இடமே இல்லை. மறுநாள் லீவு போட்டு, அண்ணா கூடவர, மயிலாப்பூரில் நான்கு கடை ஏறி இறங்கினேன். ஒவ்வொரு கடையிலும் உளியை வைத்துத் தட்டினார்கள், தட்டினார்கள், வியர்த்தார்கள். பல்சக்கரத்துக்கு வெளியே அதைப் பூட்டி ஒரு மெல்லிய வளையம். அதுதான் அசையவில்லை. "வெள்ளக்காரன் வெல்டிங் வச்சுட்டான் போலக்கீதும்மா" என்றார் நான்காவது கடைக்காரர். அண்ணா வெகுநாள் கழித்து ஒரு புன்னகை புரிந்தான்.

அன்று சாயங்காலம் ராஜினாமாக் கடிதத்தை அவனே தன் குண்டு குண்டான ஆங்கிலத்தில் எழுதிக் கையெழுத்துக்கு இடம் விட்டுக் கொடுத்தான். "நாளைக்கு அரை நாள்தானே. வண்டியைத் தள்ளிண்டு போ. ஆறு மணிக்குள்ள ஓட்டிண்டு வந்தேன்னா வேலை உன்னது. தள்ளிண்டு வந்தேன்னா அதுக்கு முன்னாலேயே இதைக் குடுத்துட்டு வந்திருக்கணும்."

சனிக்கிழமை காலை மந்தைவெளி, ராஜா அண்ணாமலைபுரம், பாலம் என்று தள்ளிக்கொண்டே போனேன். டிபன் டப்பாவும் கடிதமும் ஒரே பையில். கேட்டுக்குள் நுழைந்ததுமே ஜன்னலில் கண் திறந்தது. மாடிப்படியில் தடதடவென்று காலடி.

"ஏம்மா, நீதானா அது!"

பதினோரு மாதம் ஒளித்ததற்குத் திட்டுவார் என்று நின்றேன். அவர் வெள்ளைப் பேண்டோடு மண்ணில் மண்டியிட்டு, அந்தப் பொக்கைப் பல்சக்கரத்தைத் தாடையைத் தொடுவது போலத் தொட்டுப் பார்த்தார். எனக்கு அழுகை வந்துவிட்டது. அண்ணா, ஆறு மணி, கடிதம், எல்லாம் சொன்னேன்.

"ஆபீஸ் ஒரு மணிக்கு முடியுது. அப்புறம் அஞ்சு மணி நேரம் இருக்கு. அழாதே. சாவிதான் இல்ல. பாத்துக்கலாம்."

ஒரு மணிக்கு எல்லோரும் கிளம்பிவிட்டார்கள். மானேஜர் பாங்குக்குப் போயிருந்தார். நான், கன்னியப்பன், அவர். சக்கரத்தைக் கழற்றித் துணியால் துடைத்தார். வளையத்தின் மேல் உளித் தழும்புகளை விரலால் எண்ணினார்.

"நாலு பேர் அடிச்சிருக்கான். நாலு பேரும் ஒரே பக்கம். பாவம், இறுக்கிட்டுப் போயிருக்கானுங்க. இது எதிர்மரை, மத்த திருகுக்கு நேர்மாறாச் சுத்தும். பல்சக்கரம் எந்தப் பக்கம் கழலப் பாக்குதோ, அந்தப் பக்கமே இது இறுகணும். அப்பதானே பிடிச்சு வைக்கும்?"

"மூடற பக்கமே தெறப்பியா சார்? இன்னா நாயம் இது?" என்றார் கன்னியப்பன்.

"சுத்தியக் குடு."

எதிர்ப்பக்கமாக மூன்று தட்டு. நாலு கடையை விரட்டியடித்த வளையம், வளையல் கழல்வது போலக் கழன்று வந்தது. ஆனால் உள்ளே பல்சக்கரம் முப்பது வருஷத் துருவோடு ஒட்டிக்கொண்டிருந்தது. அதைக் கவ்விப் பிடிக்க ஆபீஸில் எதுவும் இல்லை. சுற்றும் முற்றும் பார்த்தார். கேட்டைப் பார்த்தார். முகம் மலர்ந்தது.

அறுந்த செயினைத் தேய்ந்த பல்சக்கரத்தில் இறுக்கிச் சுற்றி, அதன் நுனியைக் கம்பியால் இரும்புக் கேட்டின் கிராதியில் கட்டினார். இப்போது பல்சக்கரம் நிற்கும், சக்கரத்தை நாம் திருகினால் போதும். அவர் ஒரு பக்கம், கன்னியப்பன் ஒரு பக்கம், நான் புடவைத் தலைப்பை இடுப்பில் செருகிக்கொண்டு நடுவில். கப்பல் சுக்கானைத் திருப்புவது போல மூன்று பேரும் மூச்சுப் பிடிக்கிறோம். அசையவில்லை. மறுபடி. அசையவில்லை.

அப்போது கேட்டுக்கு வெளியே ஹார்ன்.

மானேஜர். காரிலிருந்து இறங்கி வந்து கிராதி வழியே பார்த்தார். கேட்டில் ஒரு சக்கரம் கட்டியிருக்கிறது. சக்கரத்தில் அவருடைய ஸ்டாஃப் மூன்று பேர் தொங்குகிறார்கள்.

"என்ன சார் இது? மெமோ படிக்கலையா நீங்க?"

"படிச்சேன் சார். ஆபீஸ் எல்லைக்குள்ளன்னு இருந்தது. இது எல்லையே சார். உள்ளயும் இல்ல, வெளியவும் இல்ல."

"கேட்டைத் திறங்க!"

"திறக்க முடியாது சார். திறந்தா சக்கரமும் கூட வரும். ஒரே நிமிஷம். அந்தப் பக்கமா நீங்க கொஞ்சம் கேட்டைப் பிடிச்சுக்கிட்டா ஆட்டம் நிக்கும்."

மானேஜர் என்னைப் பார்த்தார். என் கன்னத்தில் கண்ணீரும் கிரீஸும் கலந்து என்ன கோலமாக இருந்ததோ, கோட்டைக் கழற்றிக் காரில் வீசிவிட்டுக் கிராதியைப் பிடித்துக்கொண்டார். நால்வரும் தம் பிடித்தோம். 'டக்' என்று ஒரு சத்தம். முப்பது வருஷம் விட்டுக்கொடுத்தது. கன்னியப்பன் மண்ணில் உட்கார்ந்துவிட்டார்.

"பதினெட்டுல ஒரு ப்ரீவீல் வாங்கிட்டு வா, ஓடு" என்று பதினெட்டு சார் அவரை அனுப்பினார். கன்னியப்பன் பத்து நிமிஷத்தில் திரும்பி வந்தார். "கடைல இருபதுதான் கீது சார். இன்னா, ரெண்டு பல்லு தானே எச்சா? போட்டு அனுப்பு சார் அந்தப் பொண்ண."

"இருபதா? பாலத்துல எதிர்க்காத்துல இந்தப் பொண்ணு இருபதை மிதிச்சுக்கிட்டு நிக்கணுமா? நான் பூட்ட மாட்டேன்."

"ஐயோ சார், பரவாயில்ல சார், ஓடினாப் போதும்" என்று கெஞ்சினேன். மனுஷர் காதிலேயே வாங்கவில்லை. தன் சைக்கிளைப் போய்க் கவிழ்த்து வைத்துவிட்டு, மானேஜரிடம் கையை நீட்டினார். மானேஜர் மாடிக்குப் போய், மேஜையைத் திறந்து, சாவியைக் கொண்டுவந்து அந்தக் கையில் வைத்தார். "ஒரு மணிக்கு மேல ஆபீஸ் இல்ல. எனக்கு ஒண்ணும் தெரியாது" என்று சொல்லிவிட்டு, காரின் டிக்கியிலிருந்து பெரிய ஸ்பானரையும் எடுத்துக் கொடுத்தார்.

பதினெட்டு சார் தன் வண்டியின் ப்ரீவீலைக் கழற்றினார். "உங்களுக்கு சார்?" என்றேன். "வீட்ல இன்னொண்ணு கெடக்கு" என்றார். என் சக்கரத்தின் மரையைத் துடைக்க ஒரு தாள் கேட்டார். பையில் கைக்கு வந்ததை எடுத்துக் கொடுத்தேன். அண்ணாவின் குண்டு எழுத்து ஒவ்வொரு வரியாகக் கருத்துப்போவதைப் பார்த்துக்கொண்டிருந்தேன். அறுந்த செயினைக் கோத்து வைத்தார், கிரீஸ் தடவி, ப்ரீவீலைக் கையாலேயே பூட்டினார். ஸ்பானரே போடவில்லை.

"இறுக்க வேண்டாமா சார்?"

"நீ மிதிக்க மிதிக்க அதுவே இறுகிக்கும்."

நாலு மணிக்குப் பாலத்தில் ஏறினேன். உச்சியில் பழக்க தோஷத்தில் கால் பறக்கத் தயாரானது. பறக்கவில்லை. பெடல் நின்றது, நான் நின்றேன், சைக்கிள் மட்டும் போனது. காதோரம் டிக்டிக் டிக்டிக் என்று யாரோ தானியம் கொறிப்பது போல ஒரு சத்தம். ஆறு போயிற்று, காற்று போயிற்று, தென்னந்தோப்பு போயிற்று, நான் ஒரு வேலையும் செய்யாமல் எல்லாவற்றோடும் போனேன். என் வாழ்க்கையில் யாரும் அதுவரை எனக்கு அப்படி ஒரு இறக்கத்தைக் கொடுத்ததில்லை. வீட்டு வாசலில் அண்ணா நின்றிருந்தான். சைக்கிளையும் என்னையும் மாறி மாறிப் பார்த்து, "ஓடறதே!" என்றான். அவ்வளவுதான். ரிடையர் ஆகும் வரை அந்த வேலையில்தான் சம்பளம் வாங்கினேன்.

இத்தோடு முடிந்திருந்தால் இது வெறும் உபகாரக் கதை. அடுத்த வாரம் முழுக்க, அதற்கடுத்த வாரமும், நான் சாயங்காலம் கிளம்பும்போதெல்லாம் பதினெட்டு சார் மேஜையை விட்டு எழவில்லை. "கொஞ்சம் வேலை பாக்கி, நீ போம்மா" என்பார். ஒருநாள் கன்னியப்பன் பொறுக்க மாட்டாமல் சொல்லிவிட்டார்.

"யக்கா, உனுக்குத் தெரியாதா? அந்த ஆளு தெனம் பாலவாக்கத்துலேர்ந்து நடந்துகினு வர்றாரு, நடந்துகினு போறாரு. வூட்ல இன்னொண்ணுமில்ல, ஒரு மண்ணுமில்ல. நீ பாத்துடப் போறன்னுதான் நீ போற வரிக்கும் குந்திகினு கீறாரு."

"கடையில வாங்கக் கூடாதா?"

"வாங்காமயா? மூணு வாங்கி மூணையும் திருப்பிட்டாரு. பதினெட்டுதான், ஆனா சத்தம் சரியில்லையாம்!"

"பஸ்ஸுல போகலாமே?"

"கேட்டேனே. பஸ்ஸுல பின்சக்கரம் பேசறது கேக்காதாம்!"

அன்று நான் கிளம்புவதுபோல வெளியே வந்து, தூங்குமூஞ்சி மரத்தடியில் சைக்கிளோடு நின்றேன். கால்மணி நேரம் கழித்து அவர் வந்தார். செருப்பைக் கையில் எடுத்துக்கொண்டு, கால் வீங்கி. என்னைக் கண்டதும் தபால்பெட்டியைப் பார்த்தார்.

"ஏன் சார் சொல்லல?"

"சொன்னா கழட்டிக் குடுத்துடுவே."

"இப்பவும் குடுப்பேன்."

"அது உன் சக்கரத்துல இறுகிடுச்சும்மா. இனிமே கழட்டினா வலிக்கும்."

அவர் தெற்கே திரும்பி நடந்தார். என் வீடு வடக்கே. மணி ஐந்தே முக்கால். நான் சைக்கிளைத் தெற்கே திருப்பித் தள்ளிக்கொண்டு அவர் பக்கத்தில் நடந்தேன். திருவான்மியூர் வரை எங்களுக்கு நடுவில் பின்சக்கரம்தான் பேசிக்கொண்டே வந்தது, அவர் தலையைச் சாய்த்துக் கேட்டுக்கொண்டே வந்தார். ஆறு மணி எப்போது கடந்தது என்று எனக்குத் தெரியாது.